இருநூறு டிகிரியில் மீனலோசனி

முதல் கோப்பையில் மச்சம் கன்னம் மாறிப்போயிற்று.

மீனலோசனிக்கு மச்சம் இடது கன்னத்தில். கோப்பையில் அது வலது கன்னத்தில் உட்கார்ந்திருந்தது. படத்தை இடவலம் புரட்டித் தாளில் அச்சடித்தால்தான் கோப்பையில் நேராக இறங்கும் என்று இயந்திரத்தோடு வந்த புத்தகம் மூன்றாம் பக்கத்திலேயே சொல்லியிருந்தது. விநாயகமூர்த்தி வேதியியல் பட்டதாரி. அந்தப் புத்தகத்தை இரண்டு முறை வரி விடாமல் படித்தவன். இருந்தும் கோட்டை விட்டான்.

கோப்பையை அவன் எறியவில்லை. அடிப்பக்கத்தில் '1' என்று எழுதி அலமாரியின் மேல்தட்டில் வைத்தான்.

அது 1995. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் ஒற்றை அறை. கீழேயிருந்து மிளகாய்த்தூள் நெடி ஏறி வரும். ஜன்னலுக்கு வெளியே ரயில் போகும். அறைக்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், இந்த வேலைக்கென்றே தனி மைநாடா போட்ட பிரிண்டர், கோப்பையை வளைத்துக் கவ்விச் சூடேற்றும் ஒரு பிரெஸ். அவ்வளவுதான் தொழிற்சாலை.

மனைவி மீனலோசனி, அவனுக்கு மீனா, ஒரு வாரக் காய்ச்சலில் போனாள். நான்காம் மாதம் அவன் அரசாங்க ஆய்வுக்கூடத்து வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். பென்ஷன் உள்ள வேலையை விட்டவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று உறவு முழுக்க முடிவு கட்டியது. சுடலையில்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன் என்பதையும் அதோடு சேர்த்துக்கொண்டார்கள். ஏன் இந்தத் தொழில் என்று கேட்டவர்களுக்கு நடந்ததை மட்டும் சொன்னான். ஒரு பொருட்காட்சியில் பார்த்தான். வெள்ளைக் கோப்பை உள்ளே போயிற்று, மூன்று நிமிடத்தில் படத்தோடு வெளியே வந்தது. மீனா போன பிறகு அவன் நின்று பார்த்த முதல் காரியம் அது.

சோதனைக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. கையில் இருந்தது மீனாவின் படம். பத்துமலைப் படிக்கட்டில், வெயிலில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் சிரித்தது. அவனே எடுத்தது.

இரண்டாவது கோப்பையில் மச்சம் சரியான கன்னத்துக்கு வந்தது. முகத்தில் பாசி பிடித்திருந்தது. மூன்றாவதில் தாள் நகர்ந்து, அவளுக்கு இரண்டு மூக்கு. நான்காவதில் காய்ச்சல்காரி மாதிரிச் சிவந்திருந்தாள். அதை மட்டும் அவன் முகம் தெரியாமல் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தான்.

இயந்திரக்காரர்கள் மாதிரிப் படமாக ஒரு பொன்னிற முடிக்காரியைக் கொடுத்திருந்தார்கள். அவள் முதல் தடவையிலேயே அச்சு அசலாக இறங்கினாள். அவளுக்காகவே செய்த இயந்திரம் அது. மீனா என்று வந்ததும் அதற்குக் கை நடுங்கியது. மீனா கறுப்பு. மாநிறம், பொதுநிறம் என்றெல்லாம் மழுப்ப முடியாத கறுப்பு. வெயில் பட்டால் உள்ளேயிருந்து செம்பு எட்டிப்பார்க்கிற கறுப்பு. கம்ப்யூட்டரில் தானாகவே படத்தைத் திருத்தும் பட்டன் ஒன்று இருந்தது. அதை அமுக்கினால் அவள் வெளுத்துப்போவாள். அமுக்காவிட்டால் பாசி. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ அவள் இருந்தாள். அவன் ஒவ்வொரு நிறமாக ஏற்றி இறக்கித் தேடிக்கொண்டிருந்தான்.

அப்படித் தேடிக்கொண்டிருந்த ஒரு நாள்தான் கிள்ளான் துணிக்கடைக்காரர் சோலையப்பன் மாடியேறி வந்தார். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டாராம். மகள் அலமேலுவுக்குக் கல்யாணம். வருகிறவர்களுக்கு மாப்பிள்ளை பெண் படம் போட்ட கோப்பை கொடுக்க ஆசை. முந்நூறு கோப்பை.

"எங்க பக்கம் யாருமே இத செஞ்சதில்ல தம்பி. எல்லாரும் எவர்சில்வர், எவர்சில்வர்னு குடுத்துக் குடுத்து வீட்டுல வைக்க எடமில்ல." படத்தை உறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். "ஒரே ஒரு விஷயம். மாப்பிள்ளை நல்ல செவப்பு. நம்ம பொண்ணு கொஞ்சம் கம்மி. ரெண்டு பேரையும் மேட்ச் பண்ணி விட்டுடுங்க லா."

விநாயகமூர்த்தி படத்தைப் பார்த்தான். பெண் முகத்தில் ஸ்டூடியோக்காரன் ஏற்கெனவே கை வைத்திருந்தான். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம்.

"பாக்கலாம்ண்ணே" என்றான்.

"அடுத்த மாசம் வரேன். சேம்பிள் ரெடியா இருக்கட்டும்." அவர் இறங்கிப் போனார். தொழில் தொடங்கிய பிறகு வந்த முதல் பெரிய வேலை. வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு அன்று வாய் வரவில்லை.

*

மீனாவின் ஆட்டைத் திவசம் நெருங்கியது. இறந்த முப்பத்தொன்றாம் நாளிலோ ஓராண்டு நிறைவிலோ கல்வெட்டு என்று ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு, வந்தவர்களுக்குக் கொடுப்பது மீனாவின் வீட்டாரைப் போன்ற யாழ்ப்பாணத்தார் வழக்கம். முன்னட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், கடைசியில் குடும்பத்தின் வரலாறு. கூடவே ஒரு எவர்சில்வர் டம்ளரும் கொடுப்பார்கள். பேரும் முகமும் பத்து இருபது வருஷத்துக்கு அந்தந்த வீடுகளில் கிடக்கும்.

மாமனார் சிவசம்பு கல்வெட்டின் மாதிரிப் பிரதியோடு ஒரு சனிக்கிழமை படியேறி வந்தார். ரயில்வேயில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மளிகைக் கடைக்கு வரும்போதும் காற்சட்டையில் மடிப்புக் கலையாதவர். பின்னால் மாமி குணபூசணி, கையில் பிரம்புக் கூடையோடு.

"உம்மட பேர் சரியாப் போட்டிருக்கோ எண்டு ஒருக்காப் பாரும்" என்று நீட்டினார்.

விநாயகமூர்த்தி பேரைப் பார்க்கவில்லை. அட்டையைப் பார்த்தான்.

அந்தப் படம் அவனுக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் தரகர் மூலம் ஜாதகத்தோடு அவன் வீட்டுக்கு வந்த படம். ஸ்டூடியோக்காரன் பால் ஊற்றிக் கழுவியதுபோல் வெளுப்பாக்கி, மச்சத்தையும் அழித்துவிட்ட முகம். பெண் பார்க்கப் போன அன்று அவன் வாசலில் நின்ற பெண்ணைத் தாண்டி உள்ளே தேடினான். அவள் தேத்தண்ணீர்த் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அந்தப் படத்தில இருக்கிறவ ஆரெண்டு எனக்குத் தெரியாது. அவதான் வேணுமெண்டா ஸ்டூடியோவில போய்க் கேளுங்கோ."

சபை உறைந்துபோயிற்று. அவன் மட்டும் சிரித்தான். கல்யாணம் அந்த இடத்திலேயே முடிவாயிற்று.

"இந்தப் படம் வேண்டாம் மாமா."

"ஏன்? லட்சணமான படம்."

"இது மீனா இல்லை."

சிவசம்பு பதில் சொல்ல வாய் திறந்தவர் அப்போதுதான் அலமாரியைப் பார்த்தார். மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை மீனா. பச்சை மீனா, வெளுத்த மீனா, இரண்டு மூக்கு மீனா. இருபத்திரண்டு கோப்பைகள். மேசையில் ஒரு கோப்பையில் பாதி தேத்தண்ணீர் ஆறிக்கிடந்தது.

"உதென்ன கூத்து?" அவர் குரல் உடைந்தது. "செத்த பிள்ளையின்ர முகத்தில வாய் வைச்சுத் தேத்தண்ணி குடிக்கிறீரோ?"

"ஓம் மாமா."

"எச்சில் படுற சாமான் ஐயா! மீன் சட்டியோட ஒண்டாக் கிடந்து கழுவுற சாமான்! படத்தை மாலை போட்டுச் சுவரில மாட்டிறது. இப்பிடியோ வைக்கிறது? படிச்சனீர் எண்டுதானே பிள்ளையைத் தந்தனான்?"

"சுவரில மாட்டினா அவ சும்மா இருப்பாவோ மாமா? ஒரு இடத்தில பத்து நிமிஷம் நிண்டதில்லை."

"பகிடி விடாதேயும்."

சிவசம்பு கோப்பை ஒன்றை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துப் படத்தின் ஓரத்தைச் சுரண்டினார். ஒட்டிய படம் என்று நினைத்துவிட்டார். சாவி வழுக்கியது. இன்னும் அழுத்திச் சுரண்டினார். ஒரு கீறல்கூட விழவில்லை.

"அது மேல ஒட்டினதில்லை மாமா. உள்ளுக்கை போயிட்டுது."

"எப்பிடித் தம்பி உள்ளுக்கை போறது?" மாமி முதல்முறையாகப் பேசினாள். சத்தம் போடாமல், புதிய சட்டியைப் பற்றி விசாரிப்பதுபோல் கேட்டாள்.

"டப்பாவில வைச்ச கற்பூரம் உருகாமலே குறைஞ்சு போகுதெல்லோ மாமி? அது மாதிரித்தான். தாளில இருக்கிற நிறம் இருநூறு டிகிரிச் சூட்டில தண்ணியாகாமலே ஆவியாகும். கோப்பையில பூசியிருக்கிற பூச்சுக்குள்ள போய் இருந்திடும். தாளில பாத்தா செத்த நிறமா இருக்கும். சூடு பட்டாத்தான் எழும்பும்."

"கழுவினாப் போகாதோ?"

"போகாது."

"எத்தினை வருஷத்துக்கு?"

"கோப்பை உடையிற வரைக்கும்."

மாமி தலையை ஆட்டினாள். சிவசம்புவுக்கு அந்த விளக்கம் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. "ஆட்டைத் திவசம் முடியிறதுக்கிடையில இதெல்லாம் உடைச்சு ஆத்தில போட்டிடும். கல்வெட்டு இந்தப் படத்தோடதான் வரும். நான் தகப்பன்."

"கல்வெட்டு உங்கட. அதில நான் கை வைக்கேல்லை" என்றான் விநாயகமூர்த்தி. "ஆனா டம்ளர் வாங்காதேங்கோ. நான் கோப்பை கொண்டு வருவன். இந்த முகத்தோட."

"என்ர வாசல் ஏறாது."

"கொண்டு வருவன் மாமா."

கதவைத் திறந்த வேகத்தில் அவர் இறங்கிப் போனார். மாமி கூடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். அவர்கள் போன பிறகு விநாயகமூர்த்தி அலமாரியைப் பார்த்தான். '22' இருந்த இடம் காலியாக இருந்தது. அதுவரை வந்ததில் நிறம் கிட்டத்தட்டச் சரியாக இறங்கிய ஒரே கோப்பை அதுதான்.

*

இருபத்தேழாவது கோப்பையில் அவள் வந்தாள். சுருக்கிய கண்கள், செம்பு தெரிகிற கன்னம், சரியான பக்கத்தில் மச்சம். எந்த நிறம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினான். பிறகு போர்ட் கிள்ளான் கிடங்கிலிருந்து பூச்சுப் பூசிய நூற்றைம்பது வெள்ளைக் கோப்பைகளை லோரியில் இறக்கி, நூற்றைம்பதையும் ஒவ்வொன்றாகப் பிரெஸ்ஸில் வைத்தான். சூட்டுக்குத் தாங்கும் நாடா ஒட்டி, கவ்வவிட்டு, மூன்று நிமிடம், தாளைச் சூட்டோடு உரித்து, அடுத்தது. நான்கு நாள் ஆயிற்று. விரல் நுனிகள் தோலுரிந்தன. வலி தெரிந்ததில் அவனுக்கு ஆச்சரியம்.

திவசத்தன்று டாக்சியில் நாலு பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போனான்.

சிவசம்பு வாசலிலேயே நின்றார். "சொன்னது ஞாபகம் இல்லையோ?"

"ஞாபகம் இருக்கு மாமா."

ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் போட அவரால் முடியவில்லை. "வெளியில வையும்" என்றார்.

பெட்டிகள் செருப்புகளுக்குப் பக்கத்தில் இறங்கின. உள்ளே ஐயர் வந்தார், படையல் போட்டார்கள், கற்பூரம் காட்டினார்கள். சுவரில் மாலைக்குள்ளிருந்து கல்வெட்டு அட்டையின் ஸ்டூடியோக்காரி எல்லாரையும் பார்த்தாள். விநாயகமூர்த்தி செய்யச் சொன்னதையெல்லாம் செய்தான். சாப்பாடு முடிந்தது. வாசல் மேசையில் கல்வெட்டும், பளபளவென்று எவர்சில்வர் டம்ளரும் அடுக்கியிருந்தன. சிவசம்பு டம்ளர் வாங்கியேவிட்டார்.

விநாயகமூர்த்தி செருப்புகளின் பக்கத்தில் குந்தி ஒரு பெட்டியைப் பிரித்தான். அவனைத் தாண்டி ஆட்கள் செருப்பு மாட்டினார்கள். ஒருவர் கோப்பையை வாங்கிப் பார்த்து, மெதுவாகத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே வைத்தார். ஒரு பெண் தன் புருஷனின் காதில் ஏதோ சொன்னாள். பத்துப் பேர் போனார்கள். ஒரு கோப்பைகூடக் குறையவில்லை. அவன் எழுந்து போகவில்லை. எல்லாரும் போய் முடியும்வரை அங்கேயே குந்தியிருப்பதென்று தீர்மானித்துவிட்டான்.

அப்போது குணபூசணி மாமி குசினியிலிருந்து வெளியே வந்தாள். வலது கையில் பெரிய தேத்தண்ணீர்க் கேத்தல். இடது கையில் '22'.

கேத்தலைத் தரையில் வைத்தாள். மருமகனின் பெட்டிக்குள் கையை விட்டு நாலைந்து கோப்பைகளை அள்ளி வாசல் குழாயில் அலசினாள். ஈரத்தோடு மேசைக்குக் கொண்டுபோய், டம்ளர்களை முழங்கையால் ஒதுக்கிவிட்டுக் கோப்பைகளை வைத்துத் தேத்தண்ணீர் ஊற்றினாள்.

"ஒருத்தரும் இன்னும் தேத்தண்ணி குடிக்கேல்லை. இருந்து குடிச்சிட்டுப் போங்கோ" என்றாள்.

முதல் கோப்பையைச் சிவசம்புவின் தமக்கை கையில் கொடுத்தாள். தமக்கை மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஐயோ, இது மீனா!" என்றார். பிறகு மடியிலிருந்த கல்வெட்டைப் பார்த்தார். மறுபடி கோப்பையைப் பார்த்தார். "அப்ப புத்தகத்தில இருக்கிறது ஆர் தம்பி?"

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

"பூசணி, உள்ள போம்" என்றார் சிவசம்பு. "எச்சில் படுற சாமானில பிள்ளையின்ர..."

"எச்சிலோ?" மாமி கேத்தலை வைக்காமலே திரும்பினாள். "நான் கடிச்சுக் குடுத்த மாங்காயைத் திண்டு வளந்த பிள்ளை அது. என்ர எச்சிலும் அவளுக்கு எச்சில் இல்லை, அவளின்ர எச்சிலும் எனக்கு எச்சில் இல்லை. உங்களுக்கு எச்சில் பிரச்சினையோ, நிறம் பிரச்சினையோ? உயிரோட இருக்கேக்கை ஏழு மாப்பிளை வந்து பாத்திட்டுப் போனாங்கள். ஏழு தரமும் என்ர பிள்ளைக்குப் பவுடர் அப்பினது நான். இந்தக் கையால. செத்த பிறகும் அப்பச் சொல்லுறியளோ?"

அடுத்த கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றினாள்.

"குடியுங்கோ" என்றாள் மாமி எல்லாரையும் பார்த்து. "என்ர மகள் தாற தேத்தண்ணி."

தமக்கை முதல் மடக்குக் குடித்தார். "சீனி காணாது" என்றார். அதோடு கட்டு அவிழ்ந்தது. ஆளாளுக்குக் கை நீட்டினார்கள். செருப்பை மாட்டியவர்கள் கழற்றிவிட்டு வந்தார்கள். விநாயகமூர்த்தி பெட்டிகளைப் பிரித்துப் பிரித்து நீட்டினான். மீனா படிப்பித்த பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருத்தி இரண்டு கோப்பை கேட்டு வாங்கினாள்.

சிவசம்புவுக்கு மாமி தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வாங்கவில்லை. அவள் பக்கத்து முக்காலியில் வைத்துவிட்டு வந்தாள். வெகுநேரம் கழித்து அவர் அதைக் கையில் எடுத்தார். குடிக்கவில்லை. கட்டைவிரலால் மச்சத்தை ஒருமுறை தடவினார், அழிகிறதா என்று பார்ப்பதுபோல். அழியவில்லை. தேத்தண்ணீர் ஆடை கட்டிப்போகும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

விடைபெறும்போது மாமி '22'ஐ விநாயகமூர்த்தியிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. "மற்றதுகளையும் உடைக்காதேயும் தம்பி" என்றாள்.

"முதலாவதை எப்பவுமே உடைக்க மாட்டன் மாமி. மச்சம் மாறினது. அவ கண்ணாடியில தன்னைப் பாத்தது அப்பிடித்தான்."

சொல்லி முடித்ததும், சுடலையில் வராத கண்ணீர் செருப்புக் குவியலுக்கு நடுவில் வந்தது. மாமி அவன் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

*

மறுநாள் அவன் ஒரு தடித்த அட்டையில் எழுதி மாடிக்கதவில் ஒட்டினான்: 'இங்கே யாரையும் வெள்ளையாக்கித் தருவதில்லை.'

ஒட்டிய வாரமே சோலையப்பன் வந்தார். வாசலில் நின்று இரண்டு முறை படித்தார்.

"இது யாருக்குத் தம்பி? எனக்கா?"

"எல்லாருக்கும்ண்ணே."

"கஸ்டமர் கேட்டா செஞ்சு குடுக்கணும் லா. அதான் வியாபாரம்."

"வெள்ளையாக்குற ஸ்டூடியோ தெருவுக்கு ஒண்ணு இருக்குண்ணே. நான் எதுக்கு?"

"ஒரே ஒரு பட்டனாம். அமுக்குனா வேலை முடிஞ்சுதாம். விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்."

"அந்தப் பட்டன நான் தொடமாட்டேன்."

"முந்நூறு கப்பு தம்பி! நீங்க இப்பத்தான் கடை போட்டிருக்கீங்க."

"தெரியும்ண்ணே. உங்க மக கழுத்து நிறத்துலதான் முகத்தையும் போடுவேன். சரின்னா இன்னிக்கே ஆரம்பிக்கிறேன். இதப் பத்தி அவங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அவள எதுக்குக் கேக்கணும்?" சோலையப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "கொழுப்பு லா ஒங்களுக்கு. இந்தக் கோலாலம்பூர்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்களா?"

"இப்போதைக்கு நான் ஒருத்தன்தான்ண்ணே."

அவர் படபடவென்று இறங்கிப் போனார். வந்த கோபத்தில் படத்தைத் திரும்ப எடுக்க மறந்துவிட்டார். அது மேசையில் உறையோடு கிடந்தது. உறையில் கிள்ளான் துணிக்கடையின் விலாசம்.

விநாயகமூர்த்தி படத்தை உறையிலிருந்து உருவினான். பிறகு ஸ்கேனர் மூடியைத் திறந்து படத்தை வைத்தான். ஸ்டூடியோக்காரன் கை வைக்காத கழுத்திலிருந்து நிறத்தை எடுத்து, சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்துக்கொண்டே நெற்றிவரை ஏற்றினான். இடவலம் புரட்டினான். இந்தத் தடவை மறக்கவில்லை.

தாளில் அலமேலு சேறு பூசியவள் மாதிரி மங்கிக் கிடந்தாள். கோப்பையில் சுற்றி, நாடா ஒட்டி, பிரெஸ்ஸின் பிடியை இறக்கினான். மூன்று நிமிடம் கழித்துத் தாளை உரித்தபோது ஒரு கறுத்த பெண் நேராக அவனைப் பார்த்தாள். பக்கத்தில் சிவப்பு மாப்பிள்ளை கொஞ்சம் சோகையாகத் தெரிந்தான்.

கோப்பையையும் படத்தையும் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தான். மேலே உறையிலிருந்த விலாசத்தை எழுதினான், சோலையப்பன் பேரை எழுதவில்லை. 'செல்வி அலமேலு' என்று எழுதினான். உள்ளே ஒரு துண்டுத்தாள் வைத்தான்.

'இது நீங்கள். பிடிக்கவில்லையென்றால் உடைத்துவிடுங்கள். கழுவினால் போகாது.'